கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்துவிட்டார்களா? கையில் இருக்கும் 30 நாளில் செய்ய வேண்டியவை

உங்கள் ஊர்ப் பக்கம் கல்குவாரியோ சிமெண்ட் ஆலையோ வரப்போகிறது. நாளிதழில் 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று ஒரு விளம்பரம் வருகிறது; தேதி, நேரம், இடம் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் திரண்டு போய் எதிர்ப்பைச் சொன்னால் போதும் என்றுதான் பெரும்பாலான ஊர்களில் நினைக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் முடிவு எதுவும் எடுப்பதில்லை. வாக்கெடுப்பு கிடையாது, தலையும் எண்ணமாட்டார்கள். அங்கே பேசியது காகிதமாகி, பல வாரம் கழித்து ஒரு நிபுணர் குழுவின் மேசைக்குப் போகும். அதில் இருப்பவர்கள் உங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அவர்கள் அரசுக்குப் பரிந்துரைதான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பரிந்துரையை ஏற்பதே வழக்கம். எனவே நீங்கள் எழுதுவதையும் பேசுவதையும் அந்தக் குழு படிக்கப்போகிறது என்று நினைத்துத் தயாரியுங்கள்.

கீழே உள்ள நடைமுறை, ஒன்றிய அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையையும் அதன் திருத்தங்களையும் ஒட்டியது. அலுவலகப் பெயர்களும் நில ஆவணங்களும் தமிழ்நாட்டுக்கானவை.

1. உங்கள் திட்டத்துக்குக் கூட்டம் உண்டா?

எல்லாப் பெரிய திட்டத்துக்கும் கூட்டம் நடக்காது. 'ஏ' வகைத் திட்டங்களை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் பார்க்கிறது. 'பி' வகையை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் பார்க்கிறது. 'பி' வகைக்குள் பி1, பி2 என்று இரண்டு உண்டு. பி2 என்று குறித்துவிட்டால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் (திட்டத்தால் வரும் பாதிப்புகளை ஆராய்ந்து நிறுவனம் தர வேண்டிய அறிக்கை) வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

நகரவாசிகள் ஏமாறுவது இங்கேதான். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் அடுக்குமாடி, வணிக வளாகம் போன்றவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை, ஆனால் கருத்துக் கேட்பு கிடையாது. கூட்டம் வரும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் கோப்பு நிபுணர் குழுவைத் தாண்டிப் போயிருக்கும். அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலை, புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கம், பாதுகாப்புத் துறைத் திட்டம் ஆகியவற்றுக்கும் இதே கதை. உங்கள் திட்டம் இந்தப் பட்டியலில் இருந்தால் 2, 4, 5, 7, 8 ஆகிய படிகள் மட்டும் உங்களுக்கு.

குவாரி என்றால் ஒரு தனிக் கவனம் வேண்டும். 5 ஹெக்டேருக்குக் கீழே தனியாக இருக்கும் சிறுகனிமக் குவாரிக்குக் கூட்டம் இல்லை. ஆனால் ஒரு குவாரியின் எல்லைக்கும் அடுத்ததன் எல்லைக்கும் இடையே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கொள்ள வேண்டும். தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் அறிக்கையும் கூட்டமும் கட்டாயம். 4.5 ஹெக்டேர் என்று விண்ணப்பம் வந்தால், சுற்றி 500 மீட்டரில் என்னென்ன குவாரிகள் உள்ளன என்று கனிமவளத் துறையின் மாவட்ட உதவி இயக்குநர் கொடுத்த கடிதத்தைக் கோப்பில் தேடுங்கள். அந்தப் பட்டியலில் விடுபட்ட குவாரி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அதுதான் உங்கள் முதல் ஆட்சேபம்.

2. கோப்பைக் கண்டுபிடியுங்கள்

விண்ணப்பங்கள் எல்லாம் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் ஏறுகின்றன. பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். ஊரில் பேசப்படும் பெயர் ஒன்று, விண்ணப்பத்தில் உள்ள பெயர் வேறொன்று என்பது சாதாரணம். மாவட்டம், திட்ட வகை, ஆண்டு என்று சுருக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து கிராமத்தின் பெயரைப் பாருங்கள்.

கிடைத்ததும் எல்லாவற்றையும் பதிவிறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவற்றில் முக்கியமானது 'ஆய்வு வரையறை' கடிதம். அறிக்கையில் எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு நிறுவனத்துக்குக் கொடுத்த பட்டியல் அது. குழு கேட்டு அறிக்கையில் பதில் இல்லாத ஒவ்வொன்றும் உங்களுக்குக் கிடைத்த வலுவான வாதம், ஏனென்றால் கேள்வியைக் கேட்டவர்களே அந்தக் குழுவினர்தான்.

3. வரைவு அறிக்கையைப் போய்ப் பாருங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். விளம்பரம் வந்த பக்கத்தை, தேதி தெரியும்படி, முழுதாக எடுத்து வையுங்கள். நாளை எண்ணிப் பாருங்கள். 27 நாள்தான் இருக்கிறது என்றால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். கூட்டம் முடிந்தபிறகு சொன்னால் அதன் எடை குறைந்துவிடும்.

வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாநகராட்சி அல்லது உள்ளாட்சி அலுவலகம், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்கும். எங்கெங்கே என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். கூட்டம் முடியும் வரை, அலுவலக நேரத்தில் யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தமிழில் கட்டாயம் தர வேண்டியது சுருக்க அறிக்கையை மட்டுமே; முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவரையும், நல்ல கேமரா உள்ள கைபேசியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். பிரச்சினைக்குரிய எண்கள் சுருக்கத்தில் இருப்பது அபூர்வம்.

'இங்கே இல்லை, அங்கே போய்ப் பாருங்கள்' என்று அலையவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். 'இன்ன தேதி, இன்ன நேரம் வந்தோம், அறிக்கை பார்வைக்கு வைக்கப்படவில்லை' என்று அதே அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு நகலை வாரியத்தின் உறுப்பினர் செயலருக்கு அனுப்புங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் இறங்குகிறார்கள். அதற்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, உங்களிடம் இருப்பதும் 30 நாள்தான். பதில் வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். போடுவதில் நஷ்டமில்லை, பின்னால் உதவும். ஆனால் அதை நம்பி நேரில் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

4. அறிக்கையை எங்கிருந்து படிப்பது

முதல் பக்கத்திலிருந்து படித்தால் முப்பது நாளும் முன்னுரையிலேயே போய்விடும். உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஊரைப் பற்றி உங்களைவிட அதிகம் அறிந்தவர் அந்த அறிக்கையை எழுதியிருக்க முடியாது.

*நிலம்.* திட்டத்துக்கான புல எண்களை எடுத்து, அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாக வகைப்படுத்திய பதிவேடு) புலப்படத்தையும் (அந்தப் புலத்தின் அளவை வரைபடம்) பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு எது இருந்தாலும் அ-பதிவேட்டில் வகைப்பாடு இருக்கும். 'அருகில் நீர்நிலை ஏதும் இல்லை' என்று அறிக்கை சொல்லும் இடத்தில் புலப்படத்தில் ஓடை ஓடினால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணையுங்கள். விளக்கமே தேவையில்லாத ஆதாரம் அது. ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் ஓடையைத்தான் அறிக்கைகள் அதிகம் தவறவிடுகின்றன. களப்பணிக்கு வந்த பருவத்தில் அது வெறும் பள்ளமாகத் தெரிந்திருக்கும்.

கல்குவாரியானால் குடியிருப்பிலிருந்து உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன்படி, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது. அறிக்கை பெரும்பாலும் ஊரின் நடுவிலிருந்து தூரத்தைச் சொல்லும். நீங்கள் குவாரி எல்லையிலிருந்து முதல் வீடு வரை சொல்லுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்து, வீட்டின் படத்தோடு வையுங்கள்.

*அளவீடுகள்.* காற்று, நீர், இரைச்சல், மண் ஆகியவற்றை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளந்து அறிக்கையில் தருவார்கள். எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் பழைய அளவீடு செல்லாது. அடுத்து, அளவெடுத்த இடங்களின் வரைபடம். அதன் பக்கத்திலேயே காற்று வீசும் திசையைக் காட்டும் படமும் இருக்கும். காற்று போகும் பக்கத்தில் உங்கள் ஊர் இருந்து, அங்கே ஒரு அளவீட்டு இடமும் இல்லையென்றால் அதைக் கேள்வியாக எழுதுங்கள். எந்த வீட்டு மாடியில், எந்தப் பள்ளியில் கருவி வைத்ததாகச் சொல்கிறார்களோ அங்கே போய் விசாரியுங்கள். அப்படி யாரும் வரவில்லை என்று வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்தால் அந்த அத்தியாயம் முழுக்கவே சந்தேகத்துக்குள்ளாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண்கள்: 24 மணி நேரச் சராசரியில் காற்றில் மிதக்கும் நுண்தூசியான பிஎம் 10 துகள் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதைவிட நுண்ணிய பிஎம் 2.5 துகள் 60 மைக்ரோகிராம் வரை அனுமதி. குடியிருப்புப் பகுதியில் இரைச்சல் பகலில் 55 டெசிபல், இரவில் 45. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதபோது 2,000 வரை. பிஎம் 10 அளவு ஏற்கெனவே 92 என்று அறிக்கையே ஒப்புக்கொண்டால், ஆலை வந்தபின் எத்தனை கூடும் என்ற கணக்கைத் தேடுங்கள். கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

*தண்ணீர்.* நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர், எங்கிருந்து, அதற்கான அனுமதிக் கடிதம் எங்கே? 'டேங்கர் மூலம் பெறப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கிணற்றிலிருந்து என்று கேளுங்கள். சுற்றியுள்ள பாசனக் கிணறுகளை நீங்களே எண்ணி, ஆழத்தையும் கோடையில் நீர் நிற்கும் மட்டத்தையும் ஒரு அட்டவணையாக்குங்கள். இரண்டு பேர் இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது. அதிகம் பேர் செய்வதில்லை, ஆனால் இதற்கு ஈடான ஆதாரம் வேறில்லை.

*லாரிகள்.* அறிக்கை டன்னில் பேசும், நீங்கள் லாரியில் பேசுங்கள். ஆண்டுக்கு 3,00,000 டன் என்றால், 300 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 1,000 டன். லாரிக்கு 20 டன் என்று வைத்தால் 50 நடை. போக வர 100. பத்து மணி நேர வேலையில் ஆறு நிமிடத்துக்கு ஒரு லாரி உங்கள் பள்ளிக்கூடத்து வாசலைக் கடக்கும். சாலையின் அகலத்தையும் அளந்து இதோடு சேருங்கள்.

வேறு மாவட்டத்தின் பெயரோ, இல்லாத ஆற்றின் பெயரோ, அங்கே விளையாத பயிரோ அறிக்கையில் வந்தால் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா, அது இந்த வகைத் திட்டத்துக்கு உரியதா என்பதையும் இணைப்பில் உள்ள சான்றிதழில் பாருங்கள்.

5. எழுத்து மனு

நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவைவிட, தனித்தனி விஷயத்தைப் பற்றிய பத்து மனுக்கள் மேல். நூறு கையெழுத்தும் 'மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். பத்து மனு என்றால் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு மனுவிலும் நான்கு விஷயம் போதும்: அறிக்கை என்ன சொல்கிறது (அத்தியாயம், பக்க எண்), உண்மை நிலை என்ன, அதற்கு ஆதாரம் எது, குழு என்ன செய்ய வேண்டும். கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 'இந்த ஓடையைச் சேர்த்து நீரோட்டத்தை மறுபடி ஆய்வு செய்யும்வரை பரிந்துரைக்கக் கூடாது' என்று நேரடியாகக் கேளுங்கள்.

மனு வாரியத்துக்கு முகவரியிடப்பட வேண்டும். நகல் ஆட்சியருக்கும், திட்ட வகையைப் பொறுத்து மாநில ஆணையத்துக்கோ அமைச்சகத்துக்கோ. நேரில் கொடுத்தால் முத்திரை, அஞ்சலில் அனுப்பினால் ரசீது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும், திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியூர்க்காரர்களும் எழுத்தில் கருத்து அனுப்ப அறிவிக்கை இடம் தருகிறது.

இடையில் கிராம சபை வந்தால் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) தீர்மானம் போட்டு, நகலை இணையுங்கள். நகரத்தில் வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் கொண்டுவர முயலலாம். தீர்மானம் நிபுணர் குழுவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெறும் 'வேண்டாம்' என்பதை விட்டு, காரணங்களை வரிசையாக எழுதிய தீர்மானத்தைக் குழு எளிதில் ஒதுக்க முடியாது.

6. கூட்ட நாள்

தலைமை ஏற்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் வருவார். வட்டாட்சியர் தலைமையில் நடந்தால் அது முறையல்ல. அங்கேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். முழு நிகழ்ச்சியையும் வாரியம் வீடியோ எடுக்க வேண்டும். நீங்களும் எடுத்து வையுங்கள்.

புறக்கணிக்க வேண்டாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை. நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு, எதிர்ப்பில்லை என்றும் பதிவாகும். மேடையை மறித்து நிறுத்துவது அதைவிட ஆபத்து. மக்கள் சுதந்திரமாகப் பேசக்கூடிய சூழல் இல்லை என்று வாரியம் அறிக்கை அனுப்பினால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அறிவிக்கையில் இடம் இருக்கிறது. கோபம் நியாயமானதுதான். அந்தக் கோபத்தை வைத்து உங்கள் ஒரே வாய்ப்பைப் பறிக்க யாருக்கும் வழி செய்துகொடுக்காதீர்கள். வெளியிலிருந்து பேருந்தில் ஆட்கள் வந்து ஆதரவாகப் பேசினாலும் அவர்களோடு மோத வேண்டாம்.

வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் தெளிவாக எழுதுங்கள். நிறுவனத்தின் விளக்கவுரை முடிந்ததும் பேச வாய்ப்பு வரும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. விஷயங்களை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஓடை, ஒருவர் கிணறு, ஒருவர் லாரி. ஆளுக்கு மூன்று நிமிடம். பெயர், ஊர், பக்க எண், கேள்வி, ஆதாரம். முடிந்ததும் மனுவை மேடையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: வேலை கேட்பது. 'ஆலை வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை தருவீர்களா' என்று பாதிப்பைப் பற்றிப் பேச வந்தவரே கேட்டுவிடுவார். அது பதிவில் 'வேலைவாய்ப்பு கோரினர்' என்று ஏறும். குழு அதை ஆதரவாகத்தான் படிக்கும்.

கடைசி அரை மணி நேரம்தான் முக்கியமானது, அப்போதுதான் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பேசியவற்றின் சுருக்கத்தை முடிவில் தமிழில் வாசிக்க வேண்டும். அதில் தலைமை அலுவலர் அன்றே கையெழுத்திட வேண்டும். உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விடுபட்டதை எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள். வாசிக்காமலே முடித்துவிட்டால், அதை எழுதி அன்றே மின்னஞ்சலில் ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

கூட்டத்தை ஒத்திவைப்பது எதிர்பாராத அவசரநிலையில், ஆட்சியரின் பரிந்துரையின்பேரில் மட்டுமே. அப்போதும் அதே நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வேறு நாளில் நடத்தினால் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

7. நிபுணர் குழுவை எட்டுங்கள்

கூட்ட நடவடிக்கைகள் 8 நாளுக்குள் அனுமதி தரும் அமைப்புக்குப் போக வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் வர வேண்டும். படித்துப் பார்த்துத் தவறிருந்தால் நேரடியாக அந்த அமைப்புக்கு எழுதலாம்.

பிறகு நிறுவனம் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்யும். கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அட்டவணை அதில் இருக்கும். 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற பதில்களைத் தனியாகக் குறித்து, 'இது பதிலல்ல, இன்ன தரவு தேவை' என்று குழுத் தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும் எழுதுங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். குழுக் கூட்டத்துக்கு நிறுவனத்தைத்தான் அழைப்பார்கள், உங்களை அழைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழுவின் நிகழ்ச்சி நிரல் பரிவேஷில் வரும். நாள்தோறும் பாருங்கள், உங்கள் கடிதம் குழு கூடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். மதிப்பீட்டுக்கு 60 நாள், அதன்பின் முடிவுக்கு 45 நாள் என்பது அறிவிக்கை தரும் கெடு.

8. அனுமதி கொடுத்துவிட்டால்

அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், ஒன்று தமிழில். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை நீட்டிப்பு. 91-ஆவது நாளில் கதவு மூடிவிடும், எவ்வளவு நல்ல வழக்கானாலும். அனுமதிக் கடிதம் இணையத்தில் ஏறிய நாளுக்கும் விளம்பரம் வந்த நாளுக்கும் எது முந்தியதோ அதிலிருந்தே நாளை எண்ணிக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் செலவும் ஆங்கில மொழிபெயர்ப்புச் செலவும் தனி. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

வழக்குக்குப் போகாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அவற்றைக் கடைப்பிடித்த விவரத்தை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய இரு தேதிகளில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். மரம் நட்டதாகச் சொன்ன இடத்தில் மரம் இருக்கிறதா, தண்ணீர் தெளித்ததாகச் சொன்ன சாலையில் புழுதி எழுகிறதா என்று அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்து, தேதியோடு படம் எடுத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள்.